ஒன்பதாங்கட்டையை நேராக்கினோம்

சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங் பக்கம் போகும் ரோட்டில் பதினான்கு மைல் என் பொறுப்பில் இருந்தது. ரோட்டு ஆபீஸில் எனக்கு ஓவர்சியர் வேலை. காக்கி அரைக்கால் சட்டை, வெயில் தொப்பி, ஒரு சைக்கிள், ஓர் அளவுச் சங்கிலி, இவ்வளவுதான் என் அதிகாரம். பள்ளம் விழுந்தால் நிரப்ப வேண்டும், கால்வாயில் புல் மண்டினால் வெட்ட வேண்டும், மழையில் மண் சரிந்தால் அள்ள வேண்டும். இதற்கெல்லாம் என்னிடம் முப்பது ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள். நானும் அப்படித்தான். கொஞ்சம் இங்கிலீஷ் படித்துவிட்டு ஏறியதால் தொப்பி என் தலையில் இருந்தது.

ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. தோட்டத்துத் துரைகள் ஆளுக்கொரு கார் வாங்கிக்கொண்டிருந்தார்கள். காரை வாங்கிய பிறகுதான் ரோடு சரியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது.

ஒன்பதாங்கட்டையில், அதாவது ஒன்பதாவது மைல்கல் பக்கத்தில், ரோடு ஒரு செம்மண் குன்றைக் கண்டு இடப்பக்கம் ஒதுங்கும். உடனே ஒரு சதுப்பைக் கண்டு வலப்பக்கம் திரும்பும். இரண்டு திருப்பத்துக்கும் நடுவில் எதிரே வருவது காரா மாட்டுவண்டியா என்று கிட்டப் போனால்தான் தெரியும். ரோட்டுக்கு ஒரு பக்கம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள், மறுபக்கம் ரப்பர் மரங்கள். பால் வெட்டுகிறவர்கள் காலையில் ரோட்டைக் கடந்து மரங்களுக்குப் போவார்கள். வெயில் ஏறியதும் தோளில் கம்பும் கம்பின் இருமுனையிலும் பால் வாளியுமாகத் திரும்பக் கடந்து ஸ்டோருக்கு வருவார்கள்.

அவர்களில் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வயதிருக்கும். என் ஆட்கள் வெட்டிப் போட்ட புல் அவள் வீட்டுச் சாக்கடையை அடைத்துவிட்டது என்று ஒரு நாள் என்னை சைக்கிளோடு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவள். தொப்பி போட்ட ஒருவனை நடுரோட்டில் அப்படிக் கேட்கலாம் என்று அதுவரை எனக்கே தெரியாது. புல்லை அன்றைக்கே அள்ளச் சொன்னேன்.

அந்த வளைவில் நான்கு வருஷத்தில் நடந்த விபத்துகள் இரண்டு. அன்னாசிப் பழ லாரி ஒன்று மெல்லக் கால்வாயில் சாய்ந்தது. லயத்து ஜனங்கள் ஒரு வாரம் அன்னாசி தின்றார்கள். இன்னொன்று, கள்ளுக்கடையிலிருந்து சைக்கிளில் வந்தவன் விழுந்தது. அவன் நேரான இடங்களிலும் விழுந்துகொண்டுதான் வந்திருக்கிறான்.

அப்போது எங்களுக்குப் புது எஞ்சினியர் துரை வந்தார். இளம் வயது, கண்ணியமான மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். ஜனங்கள் ரோட்டில் அடிபடக் கூடாது என்று கவலைப்பட்ட முதல் துரை அவர்தான். என் பகுதியில் உள்ள ஆபத்தான இடங்களைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார்.

ஆபத்தான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் டிரைவர்களைக் கேட்டேன். முதலில் கேட்டது குளுவாங் பஸ் டிரைவரை. ஒரு சீன முதலாளியின் பஸ் அது. லாரியின் முதுகில் மரக்கூண்டு கட்டினாற்போல் இருக்கும். டிரைவர் நம்மவர், என் வயது, முறுக்கின மீசை, எப்போதும் துவைத்த சட்டை.

"ஒன்பதாங்கட்டைய மொதல்ல எழுதுங்க ஐயா," என்றார். "அங்க வந்தா எனக்கு உயிர் போயி உயிர் வருது. கியரக் கொறைக்கணும், ஆறு தடவ ஹாரன் அடிக்கணும், கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கணும். எவன் போட்டான் இந்த ரோட்ட?"

"இதுவரைக்கும் அங்க யாரையாவது இடிச்சிருக்கீங்களா?"

"நானா? ஒரு கோழியக்கூடத் தொட்டதில்லீங்க. அவ்வளவு மோசமான எடம் அது."

சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நின்றது அப்போது என் கண்ணில் படவில்லை. மற்ற டிரைவர்களும் அதே இடத்தைத்தான் சொன்னார்கள். யார் எங்கே அதிகம் எரிச்சல்பட்டார்களோ அந்த இடமெல்லாம் என் பட்டியலில் ஆபத்தான இடமாயிற்று.

துரை வந்து பார்த்தார். அவர் காரும் வளைவில் ஊர்ந்துதான் வந்தது. இறங்கிக் குன்றின் மேல் ஏறி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அவன் ஏன் இடிக்கப் போகிறான்?"

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அன்றைக்கே மேஜையில் தாளை விரித்து, பழைய ரோட்டின் நெளிசலுக்குக் குறுக்கே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தேன். என் உத்தியோகத்தில் நான் போட்ட கோடுகளிலேயே அழகானது அதுதான். குன்றின் வயிற்றில் நுழைந்து சதுப்பின் மேல் வெளிப்பட்டு அரை மைல் போயிற்று.

எட்டு மாதம் வேலை நடந்தது. குன்றை வெட்டி அந்த மண்ணைச் சதுப்பில் கொட்டினோம். சதுப்பு தின்றுகொண்டே இருந்தது. ஒரு வழியாகப் பசி அடங்கியதும் கல் பரப்பி, ரோடு எஞ்சின் விட்டு நசுக்கி, தார் ஊற்றினோம். இரண்டு கார்கள் ஒன்றையொன்று தாராளமாகக் கடந்து போகிற அகலம். நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் சரியும், மழைநீர் நிற்காது. நடக்கிறவர்களுக்கென்று ஓரத்தில் என்ன விட்டோம் என்று கேட்டால், கால்வாய் விட்டோம்.

ரோடு திறந்த அன்று துரை தன் காரில் மூன்று தடவை போய் மூன்று தடவை வந்தார். தொப்பி பறந்துவிட்டது. என் ஆள் ஒருவன் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். பஸ் டிரைவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

"ஐயா, இனிமே கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்," என்றார்.

அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மாறுதல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் டிரைவர் அங்கே ஹாரன் அடிப்பதை விட்டார். எல்லாம்தான் தெரிகிறதே, யாருக்காக அடிப்பது? பிறகு கியரைக் குறைப்பதை விட்டார். பஸ் ஐந்து நிமிஷம் முன்னதாகக் குளுவாங் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிஷம் மிச்சம் என்று தெரிந்ததும் முதலாளி நேரப் பலகையை மாற்றி எழுதினார். எழுதிய பிறகு அந்த நேரத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் கோழிக்கு வழிவிட்டு நிறுத்திய மனிதர் இப்போது எட்டாங்கட்டையிலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கத் தொடங்கினார்.

துரைமாருக்கும் அந்த அரை மைல் பிடித்துப் போயிற்று. புதுக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் ஒன்பதாங்கட்டைக்கு வருவார்கள். லயத்துக் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாய் போயிற்று, பிறகு ஓர் ஆடு. ஒரு மாட்டுவண்டியின் சக்கரம் கழன்று வாய்க்காலில் கிடந்தது, நல்லவேளையாக வண்டிக்காரன் அதோடு இல்லை. இவையெல்லாம் ஆபீஸ் கணக்கில் விபத்து ஆகாது. கோழிகள் புகார் எழுதிக் கொடுப்பதில்லை.

பிறகு அது நடந்தது. ஒரு நாள் காலை பத்தரை மணி. நான் ரோட்டோரத்தில் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தேன். நூறு கஜத்துக்கு அப்பால் அந்தப் பெண் தோளில் பால் வாளிகளோடு ரோட்டில் கால் வைத்ததைப் பார்த்தேன். பஸ் வருவதையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் தாராளம் என்று என் மனம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் டயர் கத்தியது. நான் ஓடிப் போனபோது தார் மேல் ரப்பர்ப் பால் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் ஓரத்தில் கிடந்தாள். நினைவு இருந்தது. இடது கால் பார்க்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. பஸ் அவளைத் தாண்டி நாற்பது கஜம் போய்த்தான் நின்றது.

டிரைவர் ஓடி வந்து மண்டியிட்டார். அவரால் அவளைத் தூக்க முடியவில்லை. நானும் இரண்டு பயணிகளும் தூக்கினோம்.

"பாத்தேன் ஐயா," என்று அழுதார். "நல்லாவே பாத்தேன். அவங்களும் என்னயப் பாத்தாங்க. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டேதான் இருந்தோம்."

அவளைப் பஸ்ஸிலேயே குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. கால் பொருந்தியது, ஆனால் சற்றுக் குட்டையாகப் பொருந்தியது.

இரண்டு மாதம் கழித்து கோர்ட்டில் விசாரணை. ரோட்டைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். சலவைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

"ரோடு எந்த நிலையில் இருந்தது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"மிக நல்ல நிலையில் இருந்தது."

"வளைவு உண்டா?"

"இல்லை."

"பள்ளம், மேடு?"

"ஒன்றும் இல்லை."

"எவ்வளவு தூரம் பார்வைக்குத் தெரியும்?"

"அரை மைல்."

ஒவ்வொரு பதிலையும் நான் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அது பழக்கம். மூன்றாவது பதிலில்தான் பெஞ்சில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தேன். ரோடு எவ்வளவுக்கெவ்வளவு நல்லதோ குற்றம் அவ்வளவுக்கவ்வளவு அவள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான்காவது பதிலையும் சொன்னேன். அது உண்மைதானே.

அடுத்து அவளைக் கேட்டார்கள். பஸ் வருவதைப் பார்த்தாயா என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"பாத்தேங்க. முன்னயெல்லாம் ஹாரன் கேட்டா, நான் வாளிய எறக்கி வச்சி, வெத்தல போட்டு முடிச்சப்பறம்தான் பஸ்ஸு தலையக் காட்டும். அன்னிக்குப் பாத்தேன், எறும்பு கணக்கா எங்கயோ நிக்குது. சரி போயிறலாம்னு கால வச்சேன். பாதி ரோட்டுல திரும்பிப் பாக்கறேன், யான கணக்கா நிக்குது. நடுவுல அது எப்ப வளந்துச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

மொழிபெயர்ப்பாளர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து இங்கிலீஷில், "பஸ் தூரத்தில் இருந்ததாகச் சொல்கிறாள்," என்றார்.

முடிவு சீக்கிரமே வந்தது. ரோடு சிறப்பானது. டிரைவர் இத்தனை வருஷம் யாரையும் இடிக்காதவர், தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். பெண் தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டாள், இனிமேல் கவனமாகக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைப்பது நல்லது. வெளியே வந்ததும் துரை என் தோளைத் தட்டி, "உன் சாட்சி தெளிவாக இருந்தது," என்றார். நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைக் கழற்றி மாட்டியவன் ரொம்ப நாள் அதைத் தொடவில்லை.

பலகை வைத்தோம். இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றிலும் எழுதி, 'ஆட்கள் கடக்கும் இடம், மெதுவாக ஓட்டவும்' என்று வைத்தோம். மூன்று மொழிக்கும் இடம் வேண்டும் என்பதால் எழுத்து சிறிதாகிவிட்டது. அதைப் படிக்க வேண்டுமானால் காரை மெதுவாக ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவனுக்குப் பலகை எதற்கு? அதை முழுதாகப் படித்தவர்கள் மாட்டுவண்டிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் அந்த அறிவுரையைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள்.

அவளால் இனிப் பால் வெட்ட முடியாது என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். புருஷன் அங்கேயே வேலையில் இருந்ததால் வீட்டைப் பிடுங்கவில்லை. ஒரு நாள் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து என் சைக்கிளை நிறுத்தினாள். இரண்டாவது தடவை.

"ஐயா, கோர்ட்டுல இந்த ரோட்டப் பத்தி அவ்வளவு நல்லாப் பேசுனீங்க. அந்த நல்ல ரோட்டுல எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க."

குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"கல் உடைக்க முடியுமா?"

"காலுதான் போச்சு. கை இருக்கே."

ரிப்பேருக்கான கருங்கல்லை லாரி ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகும். அதைச் சுத்தியலால் சல்லியாக உடைப்பது பெண்களின் வேலை. அவள் ரொம்ப தூரம் நடக்க வேண்டாம் என்று லயத்துக்கு எதிரிலேயே, அந்தக் கடக்கிற இடத்திலேயே, கல்லை இறக்கச் சொன்னேன். அத்தாப்பு ஓலையில் ஒரு நிழல் போட்டுக் கொடுத்தோம். இது முழுக்க இரக்கத்தில் செய்த காரியம். ரோட்டுப் புத்தி எதுவும் அதில் இல்லை.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கவனித்தேன். கற்குவியல் சரிந்து தாரின் மேல் ஒரு முழம் வந்திருந்தது. தூரத்தில் பறந்து வந்த ஒரு துரையின் கார் குவியலைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, மெல்லப் போயிற்று. அடுத்து அன்னாசி லாரி, அதுவும் அப்படியே. பிறகு பஸ் வந்தது. டிரைவர் அவளைப் பார்த்ததும் பஸ்ஸை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பலகை மூன்று மொழியில் கத்தியும் கேட்காதவர்கள் பேசாத கல்லுக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் இன்னொரு லாரிக் கல் வரவழைத்து, இருபது கஜம் தள்ளி எதிர்ப்பக்க ஓரத்தில், தார் மேலும் வரும்படி கொட்டச் சொன்னேன். அதற்கு அப்பால் மறுபடி இந்தப் பக்கம் ஒன்று. குவியல்களின் மேல் சுண்ணாம்பு பூசினேன். இருட்டியதும் விளக்கு மாட்ட ஓர் ஆளை வைத்தேன். இப்போது எந்த வண்டி வந்தாலும் இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் திரும்பி, மறுபடி ஒதுங்கித்தான் போக வேண்டும். எட்டு மாதம் குன்றை வெட்டி நேராக்கியதை மூன்று லாரிக் கல்லில் நெளித்துவிட்டேன்.

டிரைவர் முதல் நாளே பஸ்ஸை நிறுத்தினார்.

"அலமாக்! என்னாங்க ஐயா இது? நேர் ரோட்டுல என்னய மறுபடி வளைய விடுறீங்க?"

"ரிப்பேர் வேலை."

"எப்ப முடியும்?"

"சாமான் வரணும்."

ஓலை நிழலிலிருந்து அவள் குரல் வந்தது. "என்னா அவசரம்? குளுவாங்குல ஒங்களுக்கு யாராச்சும் பொண்ணு பாத்து வச்சிருக்காங்களா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முதலாளியிடம் ரோட்டு வேலை நடக்கிறது என்று சொல்லிப் பழைய நேரத்தையே எழுத வைத்துவிட்டார்.

மாதா மாதம் என் டைரியில் எழுதுவேன்: 'ஒன்பதாங்கட்டையில் கல் தயார். பரப்ப வேண்டும்.' ஒன்றரை வருஷம் அதே வரியை எழுதினேன். அந்தக் காலத்தில் அங்கே ஒரு விபத்தும் இல்லை. எல்லாம் என் கல்லின் மகிமை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்குள் ரப்பர் விலை விழுந்து, பாதித் துரைமாரின் கார்கள் ஷெட்டில் தூங்கின. கல்லுக்கு எவ்வளவு பங்கு, விலை வீழ்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

எஞ்சினியர் துரை ஒரு நாள் பார்வையிட வந்தார். அவர் காரும் மூன்று குவியலையும் சுற்றித்தான் வந்தது.

"இது என்ன கல்?"

"ரிப்பேருக்கு, சார். தயாராக வைத்திருக்கிறேன்."

"நல்லது. முன்யோசனை வேண்டும்." பிறகு ரோட்டின் நீளத்தைப் பெருமையோடு பார்த்தார். "பார்த்தாயா? ஒன்றரை வருஷமாக இங்கே ஒரு விபத்து கிடையாது. நேரான ரோடு எப்போதுமே பாதுகாப்பானது."

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் கல் போய்விடும். "ஆமாம், சார்," என்றேன். அவர் அதை ஓர் அறிக்கையாகவே எழுதி மேலே அனுப்பினார். அதில் என் உழைப்பையும் இரண்டு வரி பாராட்டியிருந்தார். படித்துக் காட்டியபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் கொஞ்சம் அதிகம்.

அவர் சீமைக்குப் போனதும் அடுத்து வந்தவர் சுத்தத்தில் கண்ணாக இருப்பவர். ஒரே வாரத்தில் கல்லைப் பரப்பு என்று உத்தரவு போட்டார். நான் போய் அவளிடம் சொன்னேன்.

"நாளைக்குக் கல்லை எடுத்துடுவாங்கம்மா. ஒனக்குக் கல்லு மலையில வேலை மாத்திக் குடுக்கறேன்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "நான் எதுக்கு மலைக்குப் போவணும்? இந்த ஓல நிழல மட்டும் விட்டுட்டுப் போங்க."

அடுத்த வாரம் அங்கே அடுப்பு புகைந்தது. வடை போட்டாள். பஸ் தினமும் இரண்டு வேளையும் அங்கே நிற்க ஆரம்பித்தது. முதலில் டிரைவருக்காக நின்றது, பிறகு பயணிகளுக்காக. லயத்துப் பெண்கள் பஸ் நிற்கிற நேரம் பார்த்துக் கடந்தார்கள். துரைமாரின் கார்கள் வடைக்கு நிற்பதில்லை. அதற்கு அவளிடமும் வழியில்லை, என்னிடமும் இல்லை.

அந்த அறிக்கையின் பலன் எனக்குச் சீக்கிரமே கிடைத்தது. ரோட்டை நேராக்குவதில் தேர்ந்தவன் என்று என்னை ஸ்கூடாய்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே மூன்று வளைவுகள் எனக்காகக் காத்திருந்தன. இரண்டை நேராக்கினேன், வேறு வழியில்லை. மூன்றாவதன் பக்கத்தில் ஒரு சந்தையும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. நேர்க்கோடு போக வேண்டிய இடத்தில் மண் இளகியது, பாரம் தாங்காது என்று எழுதிக் கொடுத்தேன். அது கடப்பாறை இறங்காத கெட்டித் தரை.

அந்த ஊர் எஞ்சினியர் நேரில் பார்க்க வந்தார். காலையில் மழை பெய்திருந்தது. கார்க் கதவைத் திறந்து, ஓரத்துச் சேற்றைப் பார்த்தார். பிறகு தன் புது ஷூவைப் பார்த்தார்.

"ஆமாம், இளகிய மண்தான்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.